புத்தக அலமாரி ஒன்று, மரம் வாங்கியது மூன்று முறை

காடியின், அதாவது தட்டைச் செருகப் பக்கப் பலகையில் வெட்டிய பள்ளத்தின், அகலம் 25 மில்லிமீட்டர். அதில் உட்கார வேண்டிய பலகையின் கனம் 19. பலகையைச் செருகினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது தானாக உள்ளே விழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இரண்டு நாள் உளி பிடித்து, இரண்டு பக்கப் பலகைகளிலும் நான்கு நான்காக எட்டுக் காடிகள் வெட்டியிருந்தேன். கோடு பிசகவில்லை, ஆழம் பிசகவில்லை. எட்டும் ஒரே அளவில் தவறாக இருந்தன.

செய்ய நினைத்தது எளிய புத்தக அலமாரி. உயரம் நான்கு அடி, அகலம் மூன்று அடி, உள்ளாழம் பத்து அங்குலம், நான்கு தட்டுகள். இணைப்புகளைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். உளி தீட்டப் பழகியிருந்தேன். மரத்தை மட்டும் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளும் பொருளாக நினைத்திருந்தேன். முதல் இரண்டு முறையும் அலமாரி கெட்டது என் பட்டறையில் அல்ல, மரக்கடையிலேயே கெட்டிருந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் முறை: பெயரும் அளவும்

வாங்கியது இழைத்து வைத்த பைன் பலகை. 'ஒன்றுக்குப் பத்து' என்று கேட்டேன், கொடுத்தார்கள். வரைபடத்திலும் ஒரு அங்குலக் கனம், பத்து அங்குல அகலம் என்று எழுதியிருந்தேன். அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் காடி வெட்டினேன். பலகையின் மேல் அளவுநாடாவை நான் ஒரு முறைகூட வைக்கவில்லை என்பது காடி முடிந்த பிறகே உறைத்தது. வைத்துப் பார்த்தபோது கனம் முக்கால் அங்குலம், அகலம் ஒன்பதேகால்.

ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த முதிய தச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அது பெரிய உபகாரம். "தம்பி, ஒன்றுக்குப் பத்து என்பது பலகையின் பெயர். அளவு வேண்டுமானால் பலகையைத்தான் கேட்க வேண்டும்" என்றார்.

பெயர் எங்கிருந்து வருகிறது என்றால், ஈர மரத்தை ரம்பம் அறுத்துத் தள்ளும்போது இருந்த தோராயமான கணக்கிலிருந்து. பிறகு மரம் காய்ந்து சுருங்குகிறது, இருபுறமும் இழைக்கப்படுகிறது. கைக்கு வரும்போது மிச்சம் இருப்பதே உண்மை அளவு. வட அமெரிக்க முறையில் அறுக்கப்படும் பைன் வகை மரங்களில் இந்தக் குறைவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கனத்தில் ஒரு அங்குலம் என்றால் முக்கால், இரண்டு என்றால் ஒன்றரை. அகலத்தில் ஆறு அங்குலம் வரை அரை அங்குலம் குறையும், எட்டு முதல் முக்கால் குறையும். ஆகவே 'இரண்டுக்கு நான்கு' என்ற பெயர்பெற்ற சட்டம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை; மெட்ரிக்கில் 38-க்கு 89 மில்லிமீட்டர். ஒன்றுக்கு ஆறு என்பது முக்காலுக்கு ஐந்தரை. ஒன்றுக்கு எட்டில் அகலம் ஏழேகால், பன்னிரண்டில் பதினொன்றேகால். நீளத்தை மட்டும் யாரும் குறைப்பதில்லை. பெரும்பாலும் ஒரு விரல் கூடவே இருக்கும். தலைப்புகள் கோணலாக அறுபட்டிருக்கும் என்பதால் அந்தக் கூடுதலையும் நம்பக்கூடாது.

இழைக்காமல் விற்கும் கடின மரத்துக்குக் கணக்கே வேறு. அங்கே கனத்தைக் கால் அங்குலங்களில் சொல்கிறார்கள். நான்கு கால் என்றால் ஒரு அங்குலம், ஐந்து கால் என்றால் ஒன்றேகால், எட்டுக் கால் என்றால் இரண்டு. இது அறுத்த கனம் என்பதால் பெயரும் பொருளும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஆனால் நான்கு கால் பலகையை இரண்டு முகமும் இழைத்தால் கிடைப்பது முக்காலே வீசம் (வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு), சில நேரம் வெறும் முக்கால். பேச்சில் மட்டும் மிஞ்சியிருந்த வீசத்துக்கு எனக்கு முதன்முதலாக வேலை வந்தது மரத்தில்தான்.

கால் அங்குலம் குறைந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். காடியை விடுங்கள், தட்டு தொய்வதைப் பாருங்கள். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. ஒரு அங்குலத்துக்குப் பதில் முக்கால் அங்குலம் வைத்தால், அதே மரம், அதே நீளம், அதே புத்தகச் சுமைக்கு ஏறத்தாழ 2.4 மடங்கு தொய்யும். மூன்று அடி இடைவெளியில் பைன் மரத்துக்கு அது கண்ணுக்குத் தெரியும் தொய்வு.

தச்சர் சொல்லிக்கொடுத்த வழக்கத்தை அன்றிலிருந்து விடவில்லை. காடிக்குக் கோடு போடும்போது அளவுகோலை எடுக்காமல், உட்காரப்போகும் பலகையையே குறுக்கே நிறுத்தி அதன் இருபுறமும் கத்தியால் கீறிக்கொள்கிறேன். எந்தக் காடிக்கு எந்தப் பலகை என்று எண் எழுதிவைக்கிறேன். ஒரே கட்டில் வந்த பலகைகளிலேயே அரை மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கிறது.

அந்தப் பைன் பலகைகள் இப்போது பட்டறையில் பெயிண்ட் டப்பாக்களைச் சுமக்கின்றன. எட்டுக் காடியிலும் ஆப்பு அடித்திருக்கிறேன்.

இரண்டாம் முறை: ஈரம்

இந்த முறை இழைக்காத கடின மரம் வாங்கினேன், முழு ஒரு அங்குலக் கனம், முழுப் பத்து அங்குல அகலம். கடின மரம் என்ற சொல்லில் எனக்கு இருந்த மயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அகன்ற இலை மரங்கள் எல்லாம் கடின மரம், ஊசியிலை மரங்கள் எல்லாம் மென்மரம். இது தாவர வகைப்பாடு. நகம் பதிகிறதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பொம்மை விமானம் செய்யும் பால்சாவும் கணக்கில் கடின மரம்தான்.

பலகைகள் கனத்தன. நல்ல மரம் என்றால் கனக்கத்தான் செய்யும் என்று மகிழ்ந்தேன். அந்த எடையில் ஒரு பங்கு தண்ணீரின் சூழ்ச்சி என்று அப்போது தெரியாது. வந்த அன்றே இருபுறமும் இழைத்து 22 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். சீவல் சுருள் சுருளாக, மிருதுவாக வந்தது. கையில் எடுத்தால் குளிர்ச்சியாக இருந்தது. அதுவே எச்சரிக்கை. காய்ந்த மரத்தின் சீவல் கசக்கினால் நொறுங்கும். இழைத்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மேசைமேல் அடுக்கிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் மேலே இருந்த பலகை கூரை ஓடு மாதிரி இருந்தது. மட்டக்கோலைக் குறுக்கே வைத்து அளந்தேன்: நடுவில் 6 மில்லிமீட்டர் பள்ளம். இரண்டு பலகைகளின் தலைப்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு.

எவ்வளவு ஈரம் இருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. ஈரமானி கையில் இல்லை. பழைய முறை ஒன்று இருக்கிறது, அதற்குத் தராசும் ஓவனும் போதும். அடுக்கின் அடியில் காற்றுப்படாமல் கிடந்த பலகையில், தலைப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு அங்குல நீளத் துண்டு வெட்டினேன். தலைப்பை எடுக்கக்கூடாது, மரம் தன் ஈரத்தை மிக வேகமாக விடுவது அந்த வெட்டு முகம் வழியாகத்தான், அது மட்டும் முன்னதாகக் காய்ந்திருக்கும். துண்டின் எடை 142 கிராம். ஓவனை 103 டிகிரி செல்சியஸில் வைத்து, ஒரு மணிக்கு ஒரு முறை எடுத்து நிறுத்தேன். 131, 124, 119 என்று இறங்கி, மறுநாள் 113-இல் நின்றுவிட்டது. அடுத்த மூன்று முறையும் 113. போன தண்ணீர் 29 கிராம். அதை உலர்ந்த எடையான 113-ஆல் வகுத்தால் 25.7 விழுக்காடு. ஈரத்தை எப்போதும் உலர்ந்த எடைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால்தான் பச்சை மரத்தின் ஈரம் சில நேரம் நூற்றுக்கு மேல் போகிறது.

அடுத்து, என் வீட்டுக்குள் மரம் எந்த ஈரத்தில் அமைதியடையும் என்று தெரிய வேண்டும். அதற்கும் அதே துண்டுதான். முற்றிலும் உலர்ந்த துண்டை அறையில் திறந்து வைத்தேன். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மெல்ல எடை ஏறியது. சில வாரங்களில் 126 கிராமில் நின்றது. 13-ஐ 113-ஆல் வகுத்தால் 11.5 விழுக்காடு. அதாவது 26-இல் இருந்த மரத்தை இழைத்து, 12-க்குப் போகும் வீட்டில் வைத்திருக்கிறேன்.

மரத்தின் ஈரம் சுமார் 30 விழுக்காடு வரை இறங்கும்போது அளவு மாறுவதில்லை. செல்களின் உள்ளே தேங்கிய நீர்தான் முதலில் போகிறது. அதற்குக் கீழே செல் சுவர்களில் இருக்கும் நீர் போகத் தொடங்கியதும் சுருக்கம் ஆரம்பிக்கிறது. இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நீளத்தில் கிட்டத்தட்ட இல்லை. ஆண்டு வளையத்துக்குக் குறுக்காக, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் கொஞ்சம். வளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தேக்கு அமைதியான மரம் என்று பெயரெடுத்தது. அதிலேயே பச்சையிலிருந்து முழு உலர்வு வரை ஒரு திசையில் 2.5 விழுக்காடும் மறு திசையில் 5.8 விழுக்காடும் சுருங்குகிறது. என் மரத்துக்கு 8 விழுக்காடு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். பத்து அங்குலம் என்பது 254 மில்லிமீட்டர். 26-லிருந்து 12-க்கு இறங்கினால் முழுச் சுருக்கத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒன்பதரை மில்லிமீட்டர் போக வேண்டும். கடைசியில் அளந்தபோது எட்டு போயிருந்தது.

பலகையின் வெட்டு முகத்தைப் பார்த்தால் இதெல்லாம் முன்கூட்டியே எழுதியிருக்கும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு வளையங்களைப் பென்சிலால் ஒட்டி வரைந்து பாருங்கள். அவை வில்லாக வளைந்திருந்தால், அந்த வில் காயும்போது நிமிர முயலும் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டை இருந்த பக்கம் பள்ளமாகும், மையம் இருந்த பக்கம் முதுகாகும். என் பலகைகள் ஒன்றுகூட இந்த விதியை மீறவில்லை. வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக, சீப்பின் பற்கள் மாதிரி நின்றால் அந்தப் பலகை அகலத்தில் குறைவாகவே மாறும், ஓடாக வளைவதும் அரிது. அப்படி அறுப்பதில் மரம் அதிகம் வீணாகும், அதனால் அது குறைவாகவே கிடைக்கும். வெட்டு முகத்தில் மரத்தின் நடுமையமே தெரிந்தால் அந்தப் பலகையைத் தொடவே வேண்டாம். அது வெடிக்காமல் விடாது.

பலகைகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. தலைப்புகளில் கெட்டியாகப் பெயிண்ட் பூசினேன். கீழே சமமான கட்டைகள், மேலே ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஒரே கனத்தில் ரீப்பர்கள், இரண்டு அடிக்கு ஒன்று, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில். ரீப்பர்கள் நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் அடுக்கே பலகையை வளைத்துவிடும். உச்சியில் பாரம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்தும் பழைய வாய்ப்பாடு. என் மரம் பாதி காய்ந்தே வந்ததால் ஐந்து மாதம் போதுமாக இருந்தது. அந்த ஐந்து மாதமும் புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில்தான் இருந்தன, அதைப் பற்றி வீட்டில் வந்த பேச்சை இங்கே எழுதவில்லை.

காய்ந்த பிறகு ஓட்டு வளைவை எடுக்க ஒவ்வொரு பலகையையும் நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். இதில் ஒரு வடிவியல் உபகாரம் இருக்கிறது. வளைவின் பள்ளம் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அகலம் பாதியானால் பள்ளம் கால் பங்காகும். 6 மில்லிமீட்டர் பள்ளம் 1.5 ஆனது. இழைத்து ஒட்டியபோது கனம் 20 மில்லிமீட்டர் மிஞ்சியது. தொய்வைத் தடுக்கத் தட்டின் முன் விளிம்புக்குக் கீழே 40 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பட்டை ஒட்டினேன். வரைபடத்தில் அது இல்லை. இப்போது அலமாரியில் அழகாக இருப்பதே அந்தப் பட்டைதான்.

மூன்றாம் முறை: தரம்

வெடித்த பலகைகளைக் கழித்ததில் இரண்டு பக்கங்களுக்கும் ஒரு தட்டுக்கும் மரம் போதவில்லை. இந்த முறை சூளையில் உலர்த்திய மரம்தான் என்று உறுதியாக இருந்தேன். கூடவே, பட்ட அடியில், இருப்பதிலேயே உயர்ந்த தரம் வேண்டும் என்றும் கேட்டேன். எட்டு அடி நீளம், கணுவே இல்லாத முகம். கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு மூன்று அடித் துண்டை அறுத்தபோது தச்சர் வந்து பார்த்தார். "பட்டுச் சேலையைக் கிழித்துக் கைக்குட்டை தைக்கிறீர்கள்" என்றார்.

தரம் என்பது அழகுக்குக் கொடுக்கும் மதிப்பெண் என்று நினைத்திருந்தேன். கடின மரத்தில் அது ஒரு வெட்டுக் கணக்கு. அமெரிக்காவின் தேசியக் கடின மரச் சங்கம் 1898-இல் தொடங்கியது. அதன் விதிகளை இன்றும் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். தரம் பார்ப்பவர் பலகையின் மோசமான முகத்தைப் பார்த்து, கணுவும் வெடிப்பும் இல்லாத செவ்வகங்களை எவ்வளவு வெட்டி எடுக்கலாம் என்று மனத்தில் கோடு போடுகிறார். உச்சத் தரமான எஃப்.ஏ.எஸ். என்றால் பலகை குறைந்தது ஆறு அங்குல அகலம், எட்டு அடி நீளம் இருக்க வேண்டும். பன்னிரண்டில் பத்துப் பங்கு சுத்தமான துண்டுகளாகக் கிடைக்க வேண்டும். அந்தத் துண்டும் நான்கு அங்குலத்துக்கு ஐந்து அடி, அல்லது மூன்று அங்குலத்துக்கு ஏழு அடிக்குக் குறையக்கூடாது. ஒன்றாம் எண் சாதாரணத் தரத்தில் பன்னிரண்டில் எட்டுப் பங்கு போதும்; துண்டுகள் நான்குக்கு இரண்டு அடி, அல்லது மூன்றுக்கு மூன்று அடி இருந்தால் போதும். அதற்குக் கீழே பன்னிரண்டில் ஆறு.

என் தட்டுகள் ஐந்து அங்குலப் பட்டைகளை ஒட்டிச் செய்தவை, நீளம் மூன்று அடி. சாதாரணத் தரத்திலேயே கணுக்களைத் தாண்டித் தாண்டி வெட்டியிருந்தால் அதே சுத்தமான தட்டு கிடைத்திருக்கும். நீளமான சுத்த மரம் தேவைப்பட்டது நான்கு அடிப் பக்கங்களுக்கு மட்டும். வெட்டுப் பட்டியலை எழுதிய பிறகே தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பார்கள், நான் இணைப்புகளைப் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

இந்தத் தரம் நிறத்தைப் பற்றியும் ரேகை ஓட்டத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. வைரம் என்னும் நடுமரம் எவ்வளவு, பட்டையை ஒட்டிய வெள்ளை எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதன் கணக்கில் வராது. பைன் சட்டங்களின் தரமோ முற்றிலும் வேறு கேள்விக்குப் பதில்: எவ்வளவு பாரம் தாங்கும்? சட்டத்தின் விளிம்பில் இருக்கும் கணு நடுவில் இருக்கும் கணுவைவிடக் கெடுதல், ஏனென்றால் வளையும்போது இழுவை அதிகம் விழுவது விளிம்பில். வட அமெரிக்கச் சட்டங்களில் அடித்திருக்கும் முத்திரையில் ஆலை, மரவகை, தரம் ஆகியவற்றோடு ஈரமும் இருக்கும். எஸ்-டிரை என்றால் இழைக்கும்போது 19 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே, எஸ்-கிரீன் என்றால் அதற்கு மேலே, கே.டி. என்றால் சூளையில் உலர்த்தியது. 19 விழுக்காடு வீடு கட்டப் போதும். அலமாரிக்குப் போதாது, மேலும் சில வாரம் வீட்டுக்குள் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

முத்திரை இல்லாத இடத்தில் 'முதல் தரம்' என்பது விற்பவரின் வாய்ச்சொல். அங்கே கண்தான் முத்திரை. பலகையின் ஒரு தலைப்பைத் தரையில் வைத்து, மறுதலைப்பைக் கண்ணுக்கு உயர்த்தி, துப்பாக்கி குறிபார்ப்பது போல் நீளவாக்கில் பார்க்கிறேன். முகம் வில்லாக வளைந்திருந்தால் குட்டைத் துண்டுகளுக்கு ஆகும். விளிம்பு அரிவாளாக வளைந்திருந்தால் நேராக அறுத்துக்கொள்ளலாம், அகலம் குறையும். ஓட்டு வளைவை என்ன செய்யலாம் என்று மேலே சொல்லிவிட்டேன். முறுக்கிக்கொண்ட பலகையை மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். எதிரெதிர் மூலைகளில் இழைத்து இழைத்து, கடைசியில் கையில் மிஞ்சுவது அட்டை. கணுவை விரல்நகத்தால் தட்டினால் கெட்டிக் கணு பலகையோடு சேர்ந்து ஒலிக்கும். கறுப்பு வளையம் சூழ்ந்த கணு தனியாகக் கடகடக்கும், ஒருநாள் விழுந்துவிடும். வெள்ளைப் பகுதியில் குண்டூசித் துளைகளும், தட்டினால் மாவு போன்ற தூளும் வந்தால் உள்ளே வண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. மாவுச்சத்து இருப்பது வெள்ளையில்தான் என்பதால் அதற்கு வைரத்தில் நாட்டமில்லை.

கொள்ளளவுக் கணக்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. என் அலமாரிக்கு மொத்த நீளம் 20 அடி, பத்து அங்குலம், ஒரு அங்குலம்: 1.39 கன அடி. போர்டு அடி என்று கேட்கும் இடத்தில் அதைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும், 16.7. ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. இவற்றோடு சேதாரம் முப்பது விழுக்காடு சேர்த்தேன். ரம்பத்தின் ஒவ்வொரு போக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தூளாக்கும் என்பதை முதல் கணக்கில் மறந்திருந்தேன்.

உருட்டு மரமாக வாங்குபவர்களுக்கு ஒரு வேடிக்கை. சுற்றளவை நான்கால் வகுத்து, வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்கும் முறை 18-ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. அது உண்மைக் கொள்ளளவில் 78.5 விழுக்காட்டையே காட்டும். பட்டையும் முதுகுத் துண்டும் அறுப்பில் போய்விடும் என்று முன்கூட்டியே கழித்துக்கொள்ளும் கணக்கு அது.

கடைசித் தட்டை ஏற்றிய அன்று காடி 20 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாக இருந்தது, பலகையை வைத்தே கீறியதால். மரச்சுத்தியால் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டுக்கு ஒலி மாறியது, அடியில் உட்கார்ந்துவிட்டது. பின்பலகையை மட்டும் ஒட்டாமல், இருபுறமும் மூன்று மில்லிமீட்டர் விட்டுக் காடிக்குள் மிதக்கவிட்டிருக்கிறேன்.

ஓவனில் காய்ந்த துண்டு இப்போது மேல்தட்டில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவ்வப்போது தராசில் வைக்கிறேன். போன மாதம் வரை 126. இந்த வாரம் மழை விடாமல் பெய்கிறது, 129 காட்டியது. பின்பலகையின் இடைவெளி ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டராகக் குறைந்திருக்கிறது.